48 நாள், 60 நாள், 74 நாள்: நிலவேம்பும் திருச்சி எலிகளும்

2017 அக்டோபர் மாதம் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க டெங்கு. தெருமுனைகளில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 2012லிருந்தே அரசு அதைப் பெரிய அளவில் கொடுத்துவந்தது. திடீரென்று, நிலவேம்பு குடித்தால் ஆண்களுக்குக் குழந்தை பிறக்காது என்று செய்தி சுற்ற ஆரம்பித்தது. எலி ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் காட்டினார்கள். சரியான ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீர் கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தாருக்கு ட்விட்டரில் எழுதினார். அரசு மறுத்தது, சித்த மருத்துவர்கள் கோபப்பட்டார்கள், போலீசில் புகார் வரைக்கும் போச்சு. பத்து நாளில் எல்லோரும் மறந்தும் போனார்கள்.

அந்த எலி ஆராய்ச்சிகளில் முக்கியமான இரண்டு, நம்ம திருச்சியில் நடந்தவை. அவற்றை யாரும் சரியாகப் படித்துப் பேசினதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் "எலிக்கு மலடு வந்தது"ன்னு ஒரே வரி. இன்னொரு பக்கம் "எலிக்குக் கொடுத்தது பயங்கர டோஸ், மனுஷனுக்குப் பொருந்தாது"ன்னு ஒரே வரி. கட்டுரைகளைப் படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. உண்மையான கேள்வி டோஸைவிட நாட்களில் இருக்கிறது. அதற்கு ஒரு விந்தணு எப்படி உருவாகிறது என்பதும் கொஞ்சம் தெரிய வேண்டும். அதனால்தான் இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளம்.

முதலில் ஊர்க்கதை ஒன்று. கஷாயம் என்பது இந்த ஊருக்குப் புதுசில்லை. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே ஓர் ஆதுலசாலை இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் போசள ராமநாதன் காலத்தில் அமைக்கப்பட்டது, பிறகு படையெடுப்பில் அழிந்தது, 1493இல் கருடவாகன பட்டர் என்ற பட்டம் தாங்கியவர் அதைப் புதுப்பித்து தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்று கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்கும் தன்வந்திரி சன்னதி அங்கே இருக்கிறது. மருந்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சாப்பிட வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத கணக்கு. அந்த 48 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இப்போது ஆய்வுகள். முதலாவது 1990இல் வந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி விலங்கியல் துறையைச் சேர்ந்த எம். ஏ. அக்பர்ஷாவும் சக ஆய்வாளர்களும் எழுதியது. ஆண் வெள்ளை எலிகளுக்கு நிலவேம்பின் காய்ந்த இலைப்பொடியை தினமும் 20 மி.கி. வீதம் 60 நாள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். முடிவில் விந்தணு உற்பத்தி நின்றுபோயிருந்தது. விந்தகத்தின் உள்குழாய்கள் சிதைந்திருந்தன, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்கள் சுருங்கியிருந்தன.

இரண்டாவது 2000இல். அக்பர்ஷா அதற்குள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். முருகையனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. இந்த முறை இலைப்பொடி இல்லை, இலையின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 25 மி.கி., 50 மி.கி. என்று இரண்டு அளவு. நீண்ட சோதனை 48 நாள். விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்தது, அசைவு போனது, உருவம் கெட்டவை அதிகமாயின. 50 மி.கி. கொடுத்த எலிகளின் விந்தகத்தில் பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் நிறைய இருந்தன. செல் பிரியும்போது உட்கரு இரண்டாகிறது, ஆனால் செல்லின் உடல் இரண்டாகப் பிளக்கவில்லை, அதைத்தான் இந்தப் பொருள் தடுக்கிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம்.

48 நாள், 60 நாள். இந்த எண்கள் ஏதோ வசதிக்காக எடுத்தவை மாதிரித் தோன்றும். ஆனால் எலியின் உடம்புக்குள்ளேயே இந்தக் கணக்கு இருக்கிறது. 1952இல் கனடாவில் லெப்லாண்டும் கிளெர்மாண்டும் எலியின் விந்தகத்தை 14 கட்டங்களாகப் பிரித்தார்கள். குழாயின் ஓர் இடத்தில் இந்தச் சுற்று ஒருமுறை முடிய 12, 13 நாள் ஆகும். ஒரு மூலசெல் விந்தணுவாக மாற இப்படி ஏறக்குறைய நாலு சுற்று வேண்டும். ஆக 48லிருந்து 52 நாள். அதன்பிறகு எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழாயில் ஒரு வாரத்துக்கு மேல் ஊர்ந்துதான் நீந்தவே கற்றுக்கொள்கிறது. அதையும் கூட்டினால் 60 நாள். அதாவது 48 நாள் என்பது எலிக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு உற்பத்தி. அதற்குக் குறைவாகக் கொடுத்தால், ஆரம்ப செல் பாதிக்கப்பட்டிருந்தாலும் வெளியே வரும் விந்தணு பழைய சரக்காகவே இருக்கும், ஒன்றும் தெரியாது.

மனிதனில் இந்தக் கணக்கை 1960களின் தொடக்கத்தில் ஹெல்லரும் கிளெர்மாண்டும் போட்டார்கள். ஒரு சுற்று 16 நாள். மொத்தம் சுமார் 74 நாள். எபிடிடிமிஸ் பயணம் இதற்கு மேலே.

இந்த நாட்களில் அந்தச் செல் என்னதான் செய்கிறது? மூன்று வேலை. முதலில் பெருகுகிறது. அடுத்து ஒன்றுக்குள் ஒன்று ஜீன்களைக் கலந்து, பாதியாகப் பிரிகிறது. கடைசி வேலைதான் விசித்திரமானது. இந்தப் பாதி செல் இனி பிரியாது, அப்படியே உருமாறும். வால் முளைக்கிறது, தலை ஒடுங்குகிறது, டிஎன்ஏவை முற்றிலும் வேறு விதமாக மடித்துக் கட்டுகிறது. எபிஜெனெடிக்ஸ் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, எழுத்து மாறாமல் எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக்கூடாது என்று முடிவுசெய்கிற ஏற்பாடு, அது இந்த அளவுக்குப் புரட்டிப்போடப்படுகிற இடங்கள் உடம்பில் ரொம்பக் குறைவு.

சாதாரண செல்லில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கும். விந்தணுவில் அந்த ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டு புரோட்டமைன் என்ற சின்னப் புரதம் வந்து உட்காருகிறது. புரோட்டமைனைக் கண்டுபிடித்த கதையே பழசு. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்திலிருந்து மீஷர் 1874இல் அதைப் பிரித்தெடுத்தார். 1869இல் டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தவரும் இதே மீஷர்தான். ஆனால் பாலூட்டிகளில் ஹிஸ்டோன் போய் புரோட்டமைன் வருவது நேரடி மாற்றமில்லை, நடுவில் படிகள் இருக்கின்றன என்பதை உலகம் புரிந்துகொள்ள இன்னும் நூறு வருஷம் ஆச்சு.

அந்தப் படிகளை ஆராய்ந்த முக்கியமான கூடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில், பெங்களூரில் இருந்தது. மைசூரில் பிறந்த எம். ஆர். எஸ். ராவ், இந்திய அறிவியல் கழகத்தில் எலியின் விந்தகத்தையே எடுத்துக்கொண்டார். விந்தகத்தில் மட்டும் வருகிற தனி ஹிஸ்டோன் வகைகள் உண்டு. அவை குரோமாட்டினில் எங்கே உட்காருகின்றன என்பது பற்றி 1982இல் அவர் குழுவின் கட்டுரை வந்தது. இந்த வகை ஹிஸ்டோன்கள் வந்தால் கட்டு கொஞ்சம் தளர்கிறது. பிறகு ஹிஸ்டோன்களின் மேல் அசிட்டைல் குறிகள் நிறைய ஏறுகின்றன, பிடி இன்னும் விடுகிறது. அப்போது இடைக்காலப் புரதங்கள் என்ற இரண்டு, டிபி1, டிபி2, உள்ளே வருகின்றன. அதில் டிபி2 துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் டிஎன்ஏவைச் சுருக்குகிறது, அதுவும் டிஎன்ஏவின் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, என்று தபஸ் குண்டுவும் ராவும் 1995இல் காட்டினார்கள். இவை போன பிறகுதான் புரோட்டமைன் வந்து பூட்டுகிறது. 2004இல் ராவ் குழு இன்னொன்றும் கண்டது: சுண்டெலியில், புரதம் எதையும் உருவாக்காத ஓர் ஆர்என்ஏ. அது விந்தணு மூலசெல்களில் ஜீன் கட்டுப்பாட்டில் பங்குவகிக்கிறது என்று பின்னால் அதே கூடம் காட்டியது. ராவ் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் தலைவராகவும் இருந்தார். 2023இல் காலமானார்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். டிஎன்ஏவை இவ்வளவு இறுக்கிக் கட்டிவிட்டால் அதைப் படிக்க முடியாது. புதிய புரதம் செய்ய உத்தரவு வாங்க முடியாது. அதனால் செல் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. புரோட்டமைனுக்கான ஆர்என்ஏ, தலை உருண்டையாக இருக்கும் கட்டத்திலேயே எழுதப்பட்டு, சுண்டெலியில் ஏறக்குறைய ஒரு வாரம் பயன்படுத்தாமல் வைக்கப்பட்டு, நாள் வந்ததும் புரதமாகிறது என்று 1984இல் ஹெக்ட் குழு காட்டியது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரே மூலசெல்லிலிருந்து வந்த செல்கள் முழுசாகப் பிரிவதே இல்லை. நடுவில் பாலம் மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அது வழியாக ஒன்றின் சரக்கு இன்னொன்றுக்குப் போகும். பாதி செல்களில் எக்ஸ் குரோமோசோம் இல்லை, மீதியில் ஒய் இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே தாளத்தில் வளர்வதற்கு இந்தப் பாலம் ஒரு காரணம்.

திருச்சி எலிகளில் கண்ட ராட்சத செல்லை இப்போது நினைத்துப்பாருங்கள். பாலத்தின் அகலம் கட்டுக்குள் இருக்க வேண்டும். அது விரிந்துவிட்டாலோ, செல் பிளவு ஆரம்பத்திலேயே நின்றுபோனாலோ, நாலு, எட்டு உட்கருக்கள் ஒரே பையில் கிடக்கும். அதிலிருந்து விந்தணு வராது. அக்பர்ஷாவும் முருகையனும் இந்தச் செல்களை, சைட்டோகலாசின் என்ற பூஞ்சைப்பொருள் கொடுத்தால் வரும் செல்களோடு ஒப்பிட்டார்கள். செல்லின் இடுப்பை இறுக்குகிற நாரை உடைப்பது சைட்டோகலாசின். ஆக, "மலடு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத, குறிப்பான கண்டுபிடிப்பு அது.

எதிர்ப்பக்க ஆய்வுகளும் இருக்கின்றன. 1997இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு நிலவேம்புச் சாற்றை கிலோவுக்கு 20, 200, 1000 மி.கி. என்று 60 நாள் கொடுத்தார்கள். விந்தகத்தில் பாதிப்பே இல்லை. 2009இல் பெங்களூரிலிருந்து வந்த ஆய்விலும் 1000 மி.கி. வரை கொடுத்து, இனப்பெருக்கத்தில் குறை காணவில்லை. இரண்டிலுமே நிலவேம்புப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களின் பங்கு உண்டு. அதனாலேயே அவை தப்பு என்றாகாது, ஆனால் சொல்ல வேண்டிய விஷயம். 2010இல் தாய்லாந்தில், அதே ஆண்ட்ரோகிராஃபோலைடை அதே 50 மி.கி. அளவில் 8 வாரம் வரை கொடுத்தார்கள். விந்தணுவின் உருவமும் அசைவும் மாறவில்லை. டெஸ்டோஸ்டிரோன் நாலாவது வாரத்தில் கூடவே செய்தது. ஆனால் அது சுண்டெலி, திருச்சியில் பயன்படுத்தியது எலி. மனிதர்களில், நிலவேம்போடு இன்னொரு மூலிகை சேர்ந்த ஒரு மாத்திரையை 2005இல் ஆர்மீனியாவில் சோதித்தார்கள். சின்ன ஆய்வு, விந்தில் கெடுதல் இல்லை என்றது.

அதனால் திருச்சி ஆய்வு பொய்யா? இல்லை. முழு இலைப்பொடி, வடித்த சாறு, தனியாகப் பிரித்த பொருள் மூன்றும் மூன்று சரக்கு. ஒன்றில் கண்டதை இன்னொன்றின் மேல் ஏற்ற முடியாது.

இப்போது அந்த "பயங்கர டோஸ்" வாதத்தைப் பார்ப்போம். 1990 ஆய்வில் எலிக்கு 20 மி.கி. எலியின் எடை 200 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 100 மி.கி. எலியிலிருந்து மனிதனுக்கு மாற்ற, உடலின் மேற்பரப்புக் கணக்குப்படி சுமாராக 6ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதனுக்கு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் இலைப்பொடி. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். எல்லாம் சம எடை. ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம் என்றால் அதில் நிலவேம்பு அரை கிராமுக்குச் சற்று மேல். காலை, மாலை இரண்டு வேளைக்கு 1 கிராமுக்குக் கொஞ்சம் கூட.

பார்த்தீர்களா? ஒரு நாள் அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! கொதிக்க வைத்து வடிப்பதால் உள்ளே போவது இன்னும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "யானைக்குக் கொடுக்கிற அளவை எலிக்குக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சு 1990 ஆய்வுக்குப் பொருந்தாது. 2000 ஆய்வுக்கு வேண்டுமானால் பொருந்தும். காய்ந்த இலையில் ஆண்ட்ரோகிராஃபோலைடு 2 சதவீதம் என்று வைத்தால், 20 மி.கி. பொடியில் அது வெறும் 0.4 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. அங்கே கொடுத்தது 25ம் 50ம்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? நாட்களில். டெங்கு, காய்ச்சல் என்று மூன்று நாள், ஐந்து நாள் குடிக்கிறோம். 74 நாள் வேலையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் ஏதாவது ஒரு கட்டம் தடுமாறினாலும், மூலசெல் நன்றாக இருந்தால் அடுத்த வரிசை வந்துகொண்டே இருக்கும். 60 நாள் எலிக்குக் கொடுத்தது, மனிதக் கணக்கில் மூன்று மாதம் தினமும் குடித்ததற்குச் சமம்.

திரும்பி வருகிறதா என்ற கேள்விக்கு வேறொரு ஆய்வு வழிகாட்டுகிறது, அதிலும் அக்பர்ஷா இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மைக்கேல் அருள்தாஸ் நடத்திய குரோமியம் ஆய்வு, 2005இல் வெளியானது. தோல் பதனிடும் தொழில் உள்ள தமிழ்நாட்டில் குரோமியம் சின்ன விஷயமில்லை, திருச்சியிலேயே செம்பட்டில் தோல் ஆலைகள் உண்டு. நாட்டுக் குரங்குகளுக்குக் குடிநீரில் ஆறு மாதம் குரோமியம் கொடுத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீண்டுவரும் இளம் விந்தணுக்களின் குரோமாட்டின் சீராக இறுகாமல் குருணையாகக் கிடந்தது. மேலே சொன்ன மூட்டைகட்டும் வேலை நடக்கிற அதே கட்டம். குரோமியத்தை நிறுத்தி ஆறு மாதம் விட்டபின் விந்தணு உற்பத்தி சரியானது. நிலவேம்பும் குரோமியமும் ஒன்றல்ல. ஆனால் பாதிப்பை எந்தக் கட்டத்தில் தேட வேண்டும், நிறுத்திய பின் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல மாதிரி.

குரோமாட்டினை ஏன் பார்க்க வேண்டும்? நிலவேம்பு ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணிக்கை, அசைவு, உருவம், விந்தகத்தின் எடை இவற்றைத்தான் பார்த்தன. அன்றைக்கு அதுதான் வழி. 2009இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று காட்டியது: மனித விந்தணுவில் வெளியேறாமல் தங்குகிற கொஞ்சம் ஹிஸ்டோன், ஏனோதானோவென்று மிஞ்சிக்கிடப்பதில்லை. கருவின் வளர்ச்சியை நடத்தும் ஜீன்கள் இருக்கும் இடங்களில் அது கூடுதலாகத் தங்குகிறது, குறிகளோடு. அப்பாவின் மூட்டைக்குள் எழுத்து மட்டுமில்லை, எங்கே பிரித்துப் படிக்க வேண்டும் என்ற அடையாளமும் போகிறது. நன்றாக நீந்துகிற விந்தணுவிலும் அந்த அடையாளம் கலைந்திருக்க வாய்ப்புண்டு. விந்தணுவை எண்ணிப் பார்க்கும் சோதனையில் அது தெரியாது. "பாதிப்பு இல்லை" என்று சொன்ன ஆய்வுகளுக்கும், "உண்டு" என்று சொன்ன ஆய்வுகளுக்கும் இது சமமாகப் பொருந்தும்.

அக்பர்ஷாவின் பாதை பிறகு வேறு பக்கம் திரும்பியது. 2009இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், ஸ்விட்சர்லாந்து அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு, ஆய்விலும் கல்வியிலும் விலங்குகளுக்கு மாற்று வழி தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் தொடங்கியது. அதை நடத்தியவர் அவர். கல்லூரிகளில் தவளை அறுப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2011இல் யுஜிசி வழிகாட்டுதல் வந்தபோது, அதற்காகப் பேசியவர்களில் திருச்சியின் இந்த மையமும் ஒன்று. எலிகளின் விந்தகத்தை அத்தனை வருஷம் நுணுக்கமாகப் பார்த்த ஒருவர், எலி இல்லாமல் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியுமா என்று தேடப் போனார்.

2020 கொரோனாவில் கபசுரக் குடிநீர் வந்தது. அதன் 15 சரக்கில் நிலவேம்பும் ஒன்று. எதிர்ப்பு சக்தி என்று மாதக்கணக்கில் தினமும் குடித்தவர்களை ஸ்ரீரங்கத்திலேயே எனக்குத் தெரியும். காய்ச்சலுக்கு ஐந்து நாள் குடிப்பவருக்கும் இவர்களுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. முதலாமவர் பயப்பட இந்த ஆய்வுகளில் ஒன்றும் இல்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண் ஒருவர் மண்டலக் கணக்கில் குடிக்கிறார் என்றால், எத்தனை நாளோடு நிறுத்த வேண்டும் என்று சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே நிறையக் குடித்துவிட்டுக் கவலைப்படுகிறவர்கள், நிறுத்திய மறுவாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். அப்போது லேபில் தெரிவது, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உருவாக ஆரம்பித்த விந்தணு. மூன்று மாதம் கழித்துப் போங்கள்.